நகலில் மாறும் ஓர் எழுத்து

இரத்தக் கொழுப்புப் பரிசோதனை அறிக்கையில் அண்மைக் காலமாக ‘அப்போ-பி’ என்றொரு வரி இடம்பெறுவதை, இதய நோய்ப் பிரிவுக்கு வந்து செல்லும் சிலர் கவனித்திருப்பீர்கள். கொழுப்பை இரத்தத்தில் சுமந்து செல்லும் துகள்களுக்குச் சட்டகமாக அமையும் ஒரு புரதத்தின் பெயர் அது. கல்லீரல் உண்டாக்கும் அப்போ-பி, 4,536 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலியாகும். சிறுகுடல் உண்டாக்கும் அப்போ-பியோ 2,152 அமினோ அமிலங்களோடு நின்றுவிடுகிறது. முழு நீளத்தில் அது ஏறத்தாழ 48 விழுக்காடு. ஆதலால் அதற்கு ‘அப்போ-பி 48’ என்று பெயரிட்டனர். கல்லீரலில் உருவாவது ‘அப்போ-பி 100’. ஆனால் இவ்விரண்டுக்கும் மரபணு ஒன்றே. கல்லீரல் உயிரணுவிலும் குடல் உயிரணுவிலும் அந்த மரபணு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது.

ஒரே மூலத்திலிருந்து இருவேறு புரதங்கள் எவ்வாறு பிறக்கின்றன? 1987ஆம் ஆண்டு இதற்கு விடை கிடைத்தது. மரபணுவில் மாற்றம் ஏதும் நிகழ்வதில்லை. மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலில், குடல் உயிரணுவில் மட்டும், ஒரு நொதி ஓர் எழுத்தை மாற்றுகிறது. அந்த நகலில் ஏறத்தாழ 14,000 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் 6,666ஆம் இடத்தில் உள்ள ஒன்று மட்டுமே மாறுகிறது. அதுவரை ஓர் அமினோ அமிலத்தைக் குறித்த சொல், அந்த மாற்றத்தால் முற்றுப்புள்ளியாகிவிடுகிறது. புரதத்தைக் கோக்கும் பொறி அங்கே நின்றுவிடுகிறது. உணவிலிருந்து உறிஞ்சிய கொழுப்பைச் சுமக்கக் குடலுக்கு இந்தக் குறுகிய வடிவமே போதும்.

ஆர்.என்.ஏ. திருத்தம் என்று மருத்துவ உலகம் அழைக்கும் இச்செயல் நம் உடலில் நொடிதோறும் நடந்துகொண்டிருக்கிறது. குடலைக் காட்டிலும் மூளையிலும் நோய் எதிர்ப்பு அமைப்பிலும் அதன் பங்கு பெரிது. அங்கே அது பழுதுபட்டால், நலமாக வளர்ந்துவந்த குழந்தை ஒரு காய்ச்சலுக்குப் பின் கைகால்கள் முறுக்கிக்கொண்டு பேச்சிழந்து போகக்கூடும். அத்தகைய குழந்தைகளின் பெற்றோரைக் குழந்தை நரம்பியல் பிரிவில் நாங்கள் சந்திக்கிறோம். நோயின் வேர் எங்கே உள்ளது என்பதை அறிந்தால், அடுத்து எதைக் கேட்க வேண்டும், எதை அஞ்ச வேண்டியதில்லை என்பதும் அவர்களுக்குத் தெளிவாகும். அதற்காகவே இக்கட்டுரை.

மூலமும் நகலும்

பத்திரப் பதிவு அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள பதிவேடு அலுவலகத்தை விட்டு வெளியே வருவதில்லை. நமக்கு வேண்டியபோது நகல் பெற்றுக்கொள்கிறோம். உயிரணுவிலும் அவ்வாறே. டி.என்.ஏ. என்னும் மூலம் உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கிறது. மனிதருக்கு அதில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். தேவைப்படும் பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகல் உட்கருவிலிருந்து வெளியே வந்து, ரைபோசோம் என்னும் பொறியிடம் சேர்கிறது. ரைபோசோம் மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துச் சொல்லுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோக்கிறது. வேலை முடிந்ததும் நகல் சிதைக்கப்படும். சில மணி நேரமே வாழும் நகல்கள் பல.

ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கு: அடினின், குவானின், சைட்டோசின், யுராசில். அப்போ-பி நகலில் ‘சைட்டோசின்-அடினின்-அடினின்’ என்றிருக்கும் சொல்லில் முதல் எழுத்தை, அபோபெக்-1 என்னும் நொதி யுராசிலாக மாற்றுகிறது. வெட்டுவதும் ஒட்டுவதும் இல்லை. சைட்டோசினில் தொங்கும் ஒரு சிறு அமினோ தொகுதியை நீர் மூலக்கூறின் துணைகொண்டு நீக்கிவிடுகிறது, அவ்வளவே. நீங்கிய தொகுதி அம்மோனியாவாக வெளியேறும். தமிழ் எழுத்தில் ஒரு புள்ளி போனால் ‘கண்’ என்பது ‘கண’ என்றாகிவிடுவது போன்றது இது. எழுத்தின் உடல் அப்படியே இருக்க, படிக்கும் முறை மாறிவிடுகிறது.

‘திருத்தம்’ என்ற சொல் சற்றே தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். திருத்தம் என்றால் பிழை இருந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுவோம். மூலத்தில் பிழை ஏதும் இல்லை. ஒரே மூலத்தை இடத்துக்கும் தேவைக்கும் ஏற்ப வேறாகப் படிக்கச் செய்யும் ஏற்பாடே இது. வேறு பொருத்தமான சொல் வழக்கில் இல்லாமையால் இதையே பயன்படுத்துகிறோம்.

அடார் நொதிகள்

நம் உடலில் மிகுதியாக நடைபெறும் திருத்தம் வேறு வகையைச் சேர்ந்தது. அதைச் செய்பவை அடார் எனப்படும் நொதிகள். இவற்றைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1987ஆம் ஆண்டு ஆப்பிரிக்கத் தவளையினம் ஒன்றின் கருக்களை ஆராய்ந்த பிரெண்டா பாஸ், ஹரால்டு வெயின்ட்ராப் ஆகியோர், இரட்டை இழையாகப் பிணைந்த ஆர்.என்.ஏ.வைப் பிரித்துவிடும் ஓர் ஆற்றல் அக்கருக்களில் இருப்பதைக் கண்டனர். இழைகளைப் பிரிப்பதே அதன் பணி என்று முதலில் கருதப்பட்டது. மறு ஆண்டிலேயே உண்மை புலப்பட்டது. அந்த நொதி இழைகளை இழுத்துப் பிரிக்கவில்லை. இழையிலுள்ள அடினின்களை இனோசின் என்னும் வேறோர் எழுத்தாக மாற்றிவிட்டது. எழுத்து மாறியதால் இரு இழைகளுக்கிடையே பிணைப்பு தளர்ந்தது. பல் உடைந்த ஜிப்பு தானே வாய் பிளப்பதைப் போல.

இனோசின் நான்கெழுத்துப் பட்டியலில் இல்லாத ஐந்தாம் எழுத்து. அதனை ரைபோசோம் குவானினாகவே படிக்கிறது. ஆகவே அடார் தொட்ட இடத்தில் அடினின் இருந்த சொல், குவானின் உள்ள சொல்லாக ஒலிக்கிறது. அடார் ஒற்றை இழையைத் தொடுவதில்லை. இரட்டையாக மடிந்த பகுதியையே தேடிப் பிடிக்கும். பிடித்த பின், மாற்ற வேண்டிய எழுத்தை இழையின் உள்ளிருந்து வெளிப்புறமாகத் திருப்பி, தன் மையத்திலுள்ள குழிக்குள் வாங்கி, மாற்றி, மீண்டும் விட்டுவிடுகிறது.

மூளைக்கு இந்தத் திருத்தம் எத்தனை இன்றியமையாதது என்பதை ஓர் ஆய்வு காட்டியது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குக் குளூட்டமேட் என்னும் பொருள் பயன்படுகிறது. அதனை ஏற்கும் வாயில்களுள் ஒன்றில், குறிப்பிட்ட ஓர் அமினோ அமிலம் திருத்தத்தால் மாற்றப்படுகிறது. முதிர்ந்த மூளையில் இந்நகல்கள் ஏறக்குறைய அனைத்துமே திருத்தப்படுகின்றன. திருத்தப்பட்ட வாயில் கால்சியத்தை உள்ளே விடாது, திருத்தப்படாதது விட்டுவிடும். அளவுக்கு மீறிய கால்சியம் நரம்பணுவைக் கொல்லும். இத்திருத்தத்தைச் செய்யும் அடார்-2 நொதி இல்லாமல் பிறந்த எலிகள் வலிப்பு கண்டு, சில வாரங்களுக்குள் மடிந்தன. அதே எலிகளின் மரபணுவிலேயே அந்த ஓர் எழுத்தை முன்கூட்டி மாற்றிவைத்தபோது அவை உயிர் பிழைத்தன. 2000ஆம் ஆண்டு வெளிவந்த செய்தி இது. எண்ணற்ற திருத்தங்களுள் ஒன்றே ஒன்று சரியாக இருந்தது, எலி பிழைத்தது.

தன்னைத் தானே அயலாக எண்ணும் உடல்

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன்.

நம் உயிரணுக்களுக்குள் வைரஸ்களைக் கண்காணிக்கும் உணரிகள் பல உள்ளன. டெங்கு, ரோட்டா முதலிய பல வைரஸ்கள் பெருகும்போது நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகிறது. நம் நகல்கள் பெரும்பாலும் ஒற்றை இழை. ஆகவே இரட்டை இழை கண்ணில் பட்டால் ‘அயலான் நுழைந்துவிட்டான்’ என்று உணரி முடிவு செய்கிறது. எம்.டி.ஏ.-5 என்னும் உணரி இதில் முதன்மையானது. அது எச்சரிக்கை எழுப்பியவுடன் உயிரணு இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அண்டை உயிரணுக்கள் அனைத்தும் போர்க்கோலம் பூணுகின்றன. காய்ச்சலின்போது நாம் உணரும் உடல்வலிக்கும் சோர்வுக்கும் இதுவும் ஒரு காரணம். ஹெபடைடிஸ்-சி நோய்க்கு முன்னாளில் இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த அனுபவம் மறந்திராது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. நம் மரபுத் தொகுதியில் ‘ஆலு’ எனப்படும் ஒரு துண்டு, ஏறத்தாழ 300 எழுத்து நீளமுள்ளது, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டுள்ளது. மொத்த மரபுத் தொகுதியில் பத்தில் ஒரு பங்கை இத்துண்டுகளே நிரப்புகின்றன. அருகருகே இருக்கும் இரு துண்டுகள் ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைந்தால், அவற்றின் ஆர்.என்.ஏ. நகல் தன்மேல் தானே மடிந்து இரட்டை இழையாகிவிடும். வைரஸ் ஏதும் நுழையாமலே, வைரஸின் சாயலில் ஓர் உருவம் வீட்டுக்குள்ளேயே பிறந்துவிடுகிறது.

அவ்வாறிருந்தும் நம் உடல் நாளெல்லாம் காய்ச்சலில் கிடக்கவில்லை. அடார்-1 நொதி அந்த இரட்டை இழைகளைப் பிடித்து, ஆங்காங்கே எழுத்துகளை மாற்றி, பிணைப்பைத் தளர்த்திவிடுவதே அதற்குக் காரணம். தளர்ந்த இழையை எம்.டி.ஏ.-5 இறுகப் பற்ற இயலாது. ‘இது நம்முடையது’ என்று இட்ட முத்திரை என்றே அந்த மாற்றத்தைக் கருதலாம். புரதத்தின் அமைப்பை மாற்றுவதைக் காட்டிலும் இந்த முத்திரை இடும் வேலையே அடார்-1இன் தலையாய கடமை என்று நான் கருதுகிறேன். அதற்கு வலுவான சான்றும் உண்டு. திருத்தும் திறனை மட்டும் இழந்த அடார்-1 கொண்ட எலிக் கருக்கள் பிறக்கும் முன்பே இறந்தன, எம்.டி.ஏ.-5 உணரியையும் சேர்த்து நீக்கியபோது அவை பிறந்து வளர்ந்து முதிர்ந்தன. காவலாளி இல்லாத வீட்டில் முத்திரை இல்லாமற்போனாலும் சண்டை எழவில்லை.

மனிதரில் அடார்-1 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதுபடும்போது தோன்றுவது ஐகார்டி-கூத்தியே நோய்த்தொகுதியின் ஒரு வகை. இந்நோய்த்தொகுதியை 1984இல் பிரான்சு நாட்டு நரம்பியல் மருத்துவர்களான ழான் ஐகார்டியும் பிரான்சுவாஸ் கூத்தியேவும் விவரித்தனர். இதற்குக் காரணமான மரபணுக்கள் இதுவரை ஒன்பது அறியப்பட்டுள்ளன. அவற்றுள் அடார்-1 உண்டு என்பது 2012இல் தெரியவந்தது. ஒன்பதும் ஒரே தவற்றுக்கு இட்டுச் செல்கின்றன: உடல் தன் சொந்த டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ.வை அயலானதாகக் கருதி, ஓயாமல் இன்டர்ஃபெரான் சுரக்கிறது. அந்த ஓயாத போரில் அழிவது குழந்தையின் மூளை.

அறிகுறிகள் பலவாறு அமையும். சில குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே ஓயாத அழுகை, காரணம் தெரியாத காய்ச்சல், பால் குடிப்பதில் தொல்லை, கற்ற திறன்களை இழத்தல் ஆகியவை தோன்றும்; தலை வளர்ச்சி குன்றும். அடார்-1 வகையில் வேறொரு தோற்றம் அடிக்கடி காணப்படுகிறது. ஒரு வயது, இரண்டு வயது வரை இயல்பாக ஓடியாடிய குழந்தை, சாதாரணக் காய்ச்சலோ சளியோ வந்த சில நாள்களில் தசைகள் முறுக்கிக்கொள்ளும் நிலைக்கு ஆளாகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் உட்பகுதி மூளையின் இரு பக்கங்களிலும் சிதைந்திருக்கும். விரல் நுனிகளிலும் காது மடல்களிலும் குளிர் நாள்களில் சிவந்த, வலியுள்ள தடிப்புகள் தோன்றுவதும் உண்டு. இதனைப் பெற்றோர் கொசுக்கடி என்றோ ஒவ்வாமை என்றோ எண்ணி, எங்களிடம் கூறாமலே விட்டுவிடுவர். தயவுசெய்து கூறுங்கள், கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நன்று.

‘நான் என்ன தவறு செய்தேன்?’

இந்நோய்த்தொகுதியின் தோற்றம், கருவில் தொற்றிய வைரஸ் நோயின் தோற்றத்தை அப்படியே ஒத்திருக்கும். மூளையில் சுண்ணாம்புப் படிவு இருக்கும்; தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் கூடியிருக்கும்; ஆனால் எந்தக் கிருமியைத் தேடினாலும் கிடைக்காது. ஆகவே ‘கர்ப்ப காலத்தில் ஏதோ தொற்று இருந்திருக்க வேண்டும்’ என்ற குறிப்போடு பல குடும்பங்கள் வீடு திரும்புகின்றன. அந்த ஒரு வரி தாயின் மனத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. வீட்டுப் பூனையைத் தொட்டது, கிரகண நேரத்தில் முற்றத்துக்கு வந்தது, ஐந்தாம் மாதத்தில் இரண்டு நாள் சளி பிடித்தது என்று ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்துத் தன்னைத்தானே விசாரித்துக்கொள்கிறாள். சில வீடுகளில் அந்த விசாரணையைச் சுற்றியிருப்பவர்களும் நடத்துகிறார்கள்.

அடார்-1 பழுதாகப் பிறந்த குழந்தையின் தாய் கர்ப்ப காலத்தில் செய்த எதுவும், செய்யாத எதுவும் இந்நோய்க்குக் காரணமாகாது. பெரும்பாலான குடும்பங்களில் தாயிடமிருந்து ஒரு பழுதான பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பழுதான பிரதியும் குழந்தைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இருவருக்கும் சம பங்கு. இருவருக்கும் நலமான மற்றொரு பிரதி இருப்பதால் இந்நோய் அவர்களிடம் வெளிப்படவில்லை, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுள் சிலருக்குக் கைகால்களின் புறப்பகுதியில் வெளிறியும் கறுத்தும் புள்ளிகள் தோன்றுவதுண்டு. ஜப்பானியக் குடும்பங்களிலும் சீனக் குடும்பங்களிலும் மிகுதியாக விவரிக்கப்பட்டுள்ள தோல் நிலை அது. அழகு குறித்த கவலையைத் தவிரப் பெரும்பாலும் வேறு தீங்கு செய்வதில்லை.

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் நம் நாட்டில் தமிழ்நாட்டில்தான் மிகுதி. இங்கே நான்கு திருமணங்களில் ஒன்றுக்கும் மேல் இரத்த உறவுக்குள் நடக்கிறது. ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பழுதான பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. இதைச் சொல்வது யாரையும் குற்றஞ்சாட்டுவதற்காக அன்று. உறவில் மணந்த பெரும்பாலோரின் குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். உறவே அல்லாத தம்பதிக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆனால் உறவுமுறையை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்பதை அது முடிவு செய்யும்.

அடுத்த குழந்தையைப் பற்றி ஒரு தவறான கணக்கு பரவலாக உள்ளது. ‘நான்கில் ஒன்றுக்கு வரும் என்றார்கள், ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குக் கவலையில்லை’ என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஒவ்வொரு கருவுக்கும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பழுதான பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு முறையும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று; பெற்றோரைப் போலவே நோயின்றிப் பழுதைச் சுமக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று; பழுதே இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முன் பிறந்த குழந்தையின் நிலை இதனை மாற்றாது. சிற்சில மாற்றங்களில் ஒரு பிரதி பழுதானாலே நோய் வருவதும் உண்டு. அக்குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. ஆகவேதான் எழுத்தளவில் மாற்றம் எது என்று தெரிந்துகொள்வது இன்றியமையாதது.

தெரிந்துவிட்டால் வழிகள் உண்டு. கருவுற்ற 11ஆம் வாரத்துக்கும் 13ஆம் வாரத்துக்கும் இடையே நஞ்சுக்கொடியின் திசுவிலிருந்து சிறு மாதிரி எடுத்தோ, 16ஆம் வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலிருந்தோ, அதே மாற்றம் கருவில் உள்ளதா என்று பார்க்க இயலும். அரசிடம் பதிவு பெற்ற மையங்களில், உங்கள் எழுத்து மூலமான ஒப்புதலோடு மட்டுமே இது செய்யப்படும். முடிவு என்னவாயினும் அடுத்து என்ன செய்வது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கும். மருத்துவர் விளக்குவார், வற்புறுத்தமாட்டார். இவை அனைத்துக்கும் முதல் குழந்தையின் மாற்றம் தெரிந்திருக்க வேண்டும். ஆதலால் ஒரு வேண்டுகோள், சொல்வதற்குக் கடினமானது: குழந்தையின் நிலை மோசமாக இருக்கும்போதும், மரபணுப் பரிசோதனைக்குப் பணம் அப்போது இல்லாவிட்டாலும், சிறிது இரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்துச் சேமித்து வைக்கும்படி கேளுங்கள். குழந்தையை இழக்க நேரிட்டாலும், பின்னொரு நாள் அந்த மாதிரியிலிருந்து விடை பெறலாம். அது இல்லாமற்போய், இரண்டாம் முறை கருவுற்ற பின் எங்களிடம் வரும் பெற்றோருக்கு நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இன்று உள்ள சிகிச்சை

இழந்த நரம்பணுக்களை மீட்கும் மருந்து இல்லை. இன்டர்ஃபெரானின் ஆணை உயிரணுவுக்குள் சென்று சேரும் பாதையை அடைக்கும் மாத்திரைகள் உள்ளன. மூட்டுவாத நோய்க்குப் பயன்படும் பேரிசிட்டினிப் அவற்றுள் ஒன்று. ஐகார்டி-கூத்தியே நோய்த்தொகுதி உள்ள குழந்தைகளுக்கு இம்மருந்தைக் கொடுத்து ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், பல குழந்தைகள் புதிய வளர்ச்சிப் படிகளை எட்டியதை 2020இல் வெளியிட்டனர். எரிச்சலும் தோல் தடிப்புகளும் குறைவதைப் பெற்றோர் விரைவில் காண்பார்கள். ஆனால் இம்மருந்து நோயின் மூலத்தைத் தொடுவதில்லை. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் தொற்றுகள் கூடும். இரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். சிதைவு முற்றும் முன் தொடங்கினால் பயன் மிகுதி என்பதால்தான் விரைந்து கண்டறிய வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

தடுப்பூசி பற்றியும் ஒரு சொல். காய்ச்சலுக்குப் பின் நோய் வெளிப்பட்டதால், சில பெற்றோர் தடுப்பூசியின் மேல் ஐயம் கொண்டு தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். நோய்க்கு வேர் மரபணுவில் உள்ளது. தட்டம்மை போன்ற உண்மையான தொற்று இக்குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்தானது. மேற்சொன்ன மாத்திரையை உட்கொள்ளும் குழந்தைக்கு உயிருள்ள கிருமிகொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டியிருக்கும். எதை, எப்போது போடுவது என்பதை மருத்துவரோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

திருத்தத்தையே மருந்தாக்கும் முயற்சி

உடலில் ஏற்கெனவே உள்ள அடார் நொதியை, நாம் விரும்பும் இடத்துக்கு அழைத்துச் சென்று வேலை வாங்க முடியுமா என்ற எண்ணம் இப்போது மருத்துவமாக உருப்பெற்றுவருகிறது. வழி எளியது. மாற்ற வேண்டிய நகலோடு பொருந்தும் குறுகிய இழை ஒன்றைச் செய்து உடலில் செலுத்துகிறார்கள். அது நகலோடு ஒட்டியதும் அவ்விடம் இரட்டை இழையாகிறது. இரட்டை இழையைத் தேடித் திரியும் அடார் அங்கே வந்து எழுத்தை மாற்றிவிடுகிறது.

ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு என்னும் பரம்பரை நோயில் இது முதலில் சோதிக்கப்பட்டது. கல்லீரலில் உருவாகி நுரையீரலைக் காக்க வேண்டிய ஒரு புரதம், மரபணுவில் குவானின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் அடினின் அமைந்ததால் உருக்குலைந்து கல்லீரலிலேயே தேங்கிவிடுகிறது. ஐரோப்பிய வழியினரில் மிகுதி; நம்மிடையே அரிது. வேவ் லைஃப் சயின்சஸ் என்னும் நிறுவனம், இத்தகைய நோயாளர் இருவருக்குக் குறுகிய இழை மருந்தைச் செலுத்திய பின், அவர்கள் உடல் அதுவரை உண்டாக்கியிராத நலமான புரதம் இரத்தத்தில் தோன்றியதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. மனித உடலில் இவ்வாறு ஆர்.என்.ஏ. திருத்தப்பட்டதாக வந்த முதல் செய்தி இதுவே.

டி.என்.ஏ.வையே வெட்டி மாற்றும் கிறிஸ்பர் சிகிச்சையிலிருந்து இது வேறுபட்டது. அரிவாள் வடிவ இரத்த அணு நோய்க்கும் தலசீமியாவுக்கும் 2023இல் பிரிட்டன் இசைவளித்த கிறிஸ்பர் சிகிச்சை, மூலத்தில் செய்யப்படும் மாற்றம். வாழ்நாள் முழுதும் நிலைக்கும், திரும்பப் பெற இயலாது. நகலில் செய்யும் திருத்தம் நகலோடு மறையும். மருந்தை மீண்டும் மீண்டும் செலுத்த வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு: தீங்கு நேர்ந்தால் நிறுத்திவிடலாம். எல்லைகளும் உண்டு. அடார் செய்யவல்லது ஒரே வகை எழுத்து மாற்றம். ஒரு துண்டு முழுதும் காணாமற்போன மரபணுவை அதனால் நிரப்ப இயலாது. கல்லீரலை அடைவது எளிது. மூளையை அடைவது கடினம். மேலும், அடார்-1 தானே பழுதுபட்ட குழந்தைக்கு இந்த வழி உதவும் என்று எண்ணுவதற்கில்லை. கடன் வாங்க வேண்டிய கருவியே அங்கே உடைந்திருக்கிறது.

இதை எழுதும் நாள் வரை, ஆர்.என்.ஏ. திருத்த மருந்து எதுவும் எந்த நாட்டிலும் விற்பனைக்கு இசைவு பெறவில்லை. ஆதலால் ‘ஆர்.என்.ஏ. சிகிச்சை’ என்று விளம்பரம் செய்து முன்பணம் கேட்கும் நிலையங்களிடம், மருந்தின் பெயரையும் அது எந்த நோய்க்கு இசைவு பெற்றது என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். முதுகுத்தண்டு சார்ந்த தசைநார் நலிவு நோய்க்குத் தரப்படும் நுசினெர்சென், கொழுப்பைக் குறைக்க ஆண்டுக்கு இருமுறை போடும் இன்க்ளிசிரான், கொரோனாவுக்கு எதிரான சில தடுப்பூசிகள் ஆகியவையும் ஆர்.என்.ஏ.வோடு தொடர்புடையவையே. ஆனால் அவற்றுள் எதுவும் எழுத்தைத் திருத்துவதில்லை. முதலாவது நகலை ஒட்டும் முறையை மாற்றுகிறது. இரண்டாவது ஒரு நகலை அழிக்கிறது. மூன்றாவது புதிய நகல் ஒன்றைத் தருகிறது. உண்மையான ஆய்வில் சேர்க்கப்படும் நோயாளியிடம் ஆய்வு மருந்துக்குப் பணம் வாங்குவதில்லை. நன்னெறிக் குழுவின் ஒப்புதலும், தாய்மொழியில் எழுதிய விளக்கப் படிவமும் இருக்கும்.

மரபியல் ஆலோசனைக்கு வரும்போது, குழந்தையின் எம்.ஆர்.ஐ., சி.டி. அறிக்கைத் தாளை மட்டுமன்றிப் படங்களையும் குறுந்தகட்டையும் எடுத்து வாருங்கள். சுண்ணாம்புப் படிவு சி.டி.யில் தெளிவாகத் தெரியும், எம்.ஆர்.ஐ.யில் தவறிவிடலாம். சிறு வயதிலேயே இறந்த குழந்தைகள், கைகால் முறுக்கம் இருந்தவர்கள், தோலில் புள்ளிகள் உள்ளவர்கள் யாரேனும் இரு வழிக் குடும்பங்களிலும் மூன்று தலைமுறைக்குள் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்து வாருங்கள். இயன்றால் பாட்டியையும் அழைத்து வாருங்கள். அந்தத் தகவல்கள் பெரும்பாலும் அவரிடம்தான் கிடைக்கின்றன.